மாடிப் படியில் நின்றுபோன மூச்சு

மேற்கு மாம்பலத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தபடி ஆராய்ச்சி செய்துவரும் நான், வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால், சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு மாடிப் படியில் நின்று ஆய்வகத் தோழனிடம் கைபேசியில் உரக்கப் பேசியது என் தவறுதான். “பிரஷர் ஏற ஏற எண்ணும் ஏறியது, இரண்டைத் தாண்டியதும் மூச்சு அடங்கிவிட்டது, குழாய் நசுங்கியிருக்கும்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள், கீழ் வீட்டு மாமி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியுடன் படியேறி வந்து, 108-ஐ அழைக்கட்டுமா என்றார்.

மூச்சடைத்தது, கார்பன் அணுக்களாலான நுண்ணிய குழாயாகிய கார்பன் நானோகுழாய்க்கு என்று விளக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 1.2 நானோமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாயின் அணுக்கள் யாவும் ஒருசேர வெளியே விரிந்து உள்ளே சுருங்குவதால், அதற்குச் சுவாச அதிர்வு என்றே பெயர். லேசரைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியைப் பிரித்துக் காட்டும் ராமன் நிறமாலையில் அது 200 அலையெண்ணுக்கு (அதிர்வின் வேகத்தைச் சொல்லும் அளவு) சற்று மேலே முகடாகத் தெரியும். குழாய் பருமனானால் அந்த எண் குறையும். ராமன் என்றதும், நம் மாநிலக் கல்லூரியில் படித்த ராமனா என்று மாமி முகம் மலர்ந்தார். 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறல்தான் என்றேன்.

இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்து நாங்கள் கொடுத்த அழுத்தம் 2 கிகாபாஸ்கல், அதாவது சுமார் 20,000 வளிமண்டல அழுத்தம். மாமியின் குக்கரோ இரண்டிலேயே விசிலடித்துவிடும். நெருக்க நெருக்க அதிர்வெண் கூடும். பிறகு வட்டமான குழாய் முட்டை வடிவாக நசுங்கி, சுவாச முகடு மங்கி மறையும். ஆனால் குழாய்ச் சுவரிலேயே அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும் 1590 அலையெண் அருகிலான முகடு மட்டும் அசராமல் இன்னும் மேலே நகரும்.

“காலை ஒன்பது மணி தாம்பரம் ரயிலில், மூச்சு விட முடியாமல் நசுங்கியபடியே பேசிக்கொண்டு வருவார்களே, அதுபோலவா?” என்றார் மாமி. என் வழிகாட்டிகூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கூட்டம் இறங்கினால் மூச்சு திரும்புவதுபோல, அளவோடு ஏற்றிய அழுத்தத்தைத் தளர்த்தினால் அந்த முகடும் திரும்பிவிடும் என்றேன்.

வந்ததற்குப் பார்த்துவிடுவோம் என்று என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தியவர், “நூற்று ஐம்பது!” என்று அலறினார்.

துண்டிக்க மறந்த கைபேசியிலிருந்து தோழன் ஆர்வமாகக் கேட்டான்: “நூற்று ஐம்பதா? அது பருத்த குழாயாயிற்றே, உனக்கு எங்கே கிடைத்தது?”