தாவீதை ஏவியது யார்?

ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே சாத்தான் என்றால் எனக்குக் கொம்பும் வாலும்தான். இந்தத் தவக்காலத்தில் பழைய ஏற்பாட்டை நிதானமாக வாசிக்கும்போது ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

இஸ்ரவேலின் ராஜா தாவீது ஜனங்களைத் தொகையெடுக்கச் சொல்கிறார்; அது பாவமாகிறது. 2 சாமுவேல் 24-ல் கர்த்தரே கோபம் மூண்டு தாவீதை ஏவுகிறார். அதே சம்பவம் 1 நாளாகமம் 21-ல் வரும்போது ஏவுகிறவன் சாத்தான்! நாளாகமம், யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போன காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டது. தீமையைக் கடவுளின் கையிலிருந்து எடுத்து வேறொருவன் கையில் கொடுத்துவிடும் தவிப்பு அதில் தெரிகிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

துன்பத்தால் சோதிக்கப்பட்ட நீதிமான் யோபுவின் புத்தகத்தில் எபிரெய மூலம் ‘ஹசாத்தான்’ என்கிறது. அது பெயரல்ல, குற்றஞ்சாட்டுகிறவன் என்ற பொறுப்பு. தேவபுத்திரர் எனும் விண்ணவரோடு கடவுள் முன் வந்து நிற்கிறான், அவரிடம் அனுமதி வாங்கித்தான் யோபுவைத் தொடுகிறான். எண்ணாகமம் 22-ல் தீர்க்கதரிசி பிலேயாமை வழியில் மறித்த கர்த்தருடைய தூதனுக்கும் இதே சொல்தான். ஏதேன் பாம்புக்கோ ஆதியாகமத்தில் அந்தப் பெயரே இல்லை.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், தங்கை மனச்சோர்வில் கிடந்த வருடம் ஓர் ஊழியக்காரர் "இது சாத்தானின் கட்டு, மாத்திரையை நிறுத்துங்கள்" என்றார். அம்மா நிறுத்தவில்லை. ஆனால் தங்கை பல மாதம் தன்னையே பயந்து பார்த்தாள். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அவளோடு அப்படி உட்கார ஒருவரும் வரவில்லை.