சத்தமில்லாமல் வரும் நோய்கள்

தொற்றா நோய்கள் என்ற பெயரே எனக்குச் சற்று ஏமாற்றுவதாகத் தோன்றும். தொற்றாது என்பதாலேயே அவை அவசரமற்றவை என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் இந்நோய்களால் குறைந்தது 4.3 கோடிப் பேர் இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1.9 கோடிப் பேரின் உயிரைப் பறித்தவை இதய, இரத்தநாள நோய்கள். நீரிழிவின் நேரடிக் கணக்கு இதைவிட மிகச் சிறியதுதான். ஆனால் அந்த எண் முழுக் கதையையும் சொல்வதில்லை: இரத்தத்தில் நீண்டகாலம் மிகுந்திருக்கும் சர்க்கரை நாளங்களின் உட்சுவரைச் சிதைத்து, மாரடைப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் வழி திறந்துவிடுவதால், நீரிழிவு தொடங்கிவைத்த மரணம் பல நேரங்களில் இதயத்தின் பெயரிலேயே பதிவாகிறது. இந்நோய்களால் 70 வயதுக்கு முன் நேரும் இறப்புகளில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்கின்றன. பணக்காரர்களின் நோய் என்ற பழைய பேச்சு (இன்னமும் காதில் விழுகிறது) எப்போதோ பொய்த்துவிட்டது.