இடது முட்டியும் அந்த அரை நொடியும்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கூடைப்பந்து ஆட்டம். கூடைக்குப் பக்கத்தில் தாவி லே-அப் போட்டுவிட்டு இறங்கினேன், யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற பையனுக்கும் கேட்டிருக்கிறது. இடது காலில் ஏசிஎல், அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கிற தசைநார், அறுந்துவிட்டது.

தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். இன்சூரன்ஸ் கடிதம், காத்திருப்பு எல்லாம் எல்லாரும் படுகிற பாடுதான், விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் மாதம் வலியே இல்லை. ஓடலாமா என்று கேட்டதற்கு பிசியோ அக்கா முறைத்தார். "வலி போயிடுச்சுன்னுதான் பயமே தம்பி. உள்ளே வெச்சது இன்னும் பலப்படலை." ஒன்பது மாதத்துக்கு முன்னால் கோர்ட்டில் இறங்கினால் மறுபடி அறுகிற ஆபத்து அதிகமாம்.

ஐந்தாம் மாதம் அம்மாவோடு பத்துமலை போனேன். 272 படிகளையும் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் தெரிந்தது. இடது காலில் நின்று வலது காலைக் கீழே வைக்கிற ஒவ்வொரு முறையும் தொடை நடுங்கியது. அம்மா பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வயதில்!

ஒன்பதாம் மாதம் ஒற்றைக்காலில் தாண்டும் சோதனை. நல்ல காலோடு ஒப்பிட்டால் தொண்ணூறு சதவிகிதம் வர வேண்டும். எனக்கு 92 வந்தது. அக்கா கைதட்டினார். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் ஆட்டத்தில் வலி இல்லை, வீக்கம் இல்லை. என்னைத் தடுப்பவன் வலப்பக்கம் சாய்கிறான், இடப்பக்கம் வழி திறக்கிறது. முன்பெல்லாம் யோசிக்கும் முன்பே அதற்குள் புகுந்திருப்பேன். இப்போது புகுவதற்கு முன் முட்டியிடம் அனுமதி கேட்கிறேன். அரை நொடிதான். அதற்குள் வழி அடைபட்டுவிடுகிறது. இதை எந்தத் தாண்டல் சோதனையும் அளக்கவில்லை.

இரவில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டெரிக் ரோஸின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்பேன். 2011இல் 22 வயதில், அங்கத்திய பெரிய லீக்கான என்பிஏவின் எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் வேறு யாருமில்லை. 2012 ஏப்ரலில் அதே இடது முட்டி, அதே ஏசிஎல். அடுத்த சீசன் முழுக்க உட்கார்ந்தார். திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே வலது முட்டியில் மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பு கிழிந்தது. 2018இல் ஓர் இரவு 50 புள்ளிகள் எடுத்தார், உண்மைதான். ஆனால் அந்தப் பழைய ரோஸ் திரும்பவில்லை. அவருக்கும் எனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இருந்தாலும் பார்க்கிறேன்.

நாலைந்து வாரம் பொறுத்துப் பார்த்தார் எங்கள் கேப்டன், ஒரு சீன அங்கிள். அப்புறம் என் இடத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனை இறக்கிவிட்டார். "பெலான்-பெலான் லா," மெதுவா மெதுவா, என்று என் தோளைத் தட்டி, தூரத்திலிருந்து எறிகிற மூன்று புள்ளிக் கோட்டின் மூலையைக் கைகாட்டினார். இரண்டு வாரம் கோபம். பயிற்சிக்கே போகவில்லை.

இப்போது அங்கேதான் நிற்கிறேன். அந்தப் பையன் உள்ளே புகுந்தால் இரண்டு பேர் அவன் மேல் விழுகிறார்கள், பந்து எனக்கு வருகிறது. போன வெள்ளி நான்கு முறை வந்தது. இரண்டு விழுந்தது.