மூன்றாவது ஊசிக்கு வராதவர்கள்

அரசு மருத்துவமனை ஒன்றின் சுகவாழ்வு மையத்தில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். பால்வினை நோய்களுக்கான எங்கள் பதிவேட்டில், மறுவருகைக்கான கட்டம் பல பெயர்களுக்கு நேரே வெறுமையாகவே கிடக்கிறது. அவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது ‘அலட்சியம்’ என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொள்கிறோம். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

சிபிலிஸ் என்கிற மேகநோயையே எடுத்துக்கொள்வோம். முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. எந்த மருந்தும் இல்லாமலேயே 3 முதல் 6 வாரங்களில் ஆறியும் விடுகிறது. பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோன்றக்கூடிய தடிப்புகளும் அப்படியே தாமாக மறைந்துவிடுகின்றன. உடம்புச் சூடு என்று எண்ணி இளநீர் குடித்தவர், இளநீரால்தான் குணமானது என்று நம்புவதில் வியப்பென்ன இருக்கிறது? வலி இருந்தால் அதுவே ஒருவரை மருத்துவமனைக்குத் திரும்ப இழுத்து வந்துவிடும். இந்த நோயோ உள்ளேயே தங்கி, ஆண்டுகள் கழித்து நரம்பையும் இதயத்தையும் தாக்கக்கூடியது. சிகிச்சைக்குப் பிறகு 3, 6, 12 மாதங்களில் இரத்தத்தைச் சோதித்து, வி.டி.ஆர்.எல். என்ற அந்தச் சோதனையின் அளவு நான்கில் ஒரு பங்காக, உதாரணமாக 32-இலிருந்து 8-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால்தான் மருந்து வேலை செய்திருக்கிறது என்று சொல்ல முடியும். இதை விளக்காமல் சீட்டில் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தால், புண்ணே இல்லாதவர் எதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்?

லாரி ஓட்டுநர் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நோய் எப்போது தொற்றியது என்று தெரியாததால், வாரத்துக்கு ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசிகள் அவருக்குத் தேவைப்பட்டன. ஒவ்வொரு முறையும் 24 லட்சம் யூனிட். அதை இரண்டாகப் பிரித்து இரு புட்டங்களிலும் போடுவோம். ஊசி போட்ட அன்று நாற்காலியில்கூட அவரால் நேராக உட்கார முடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அந்த நிலையில் இரவெல்லாம் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டு ஊசிகளுக்கு வந்தவர், மூன்றாவது வாரம் நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் மையமோ காலை வெளிநோயாளர் நேரத்தில்தான் இயங்கும். பதிவேட்டில் இருந்த எண்ணை அழைத்தேன், அவருடைய மச்சான் எடுத்து, “யாரு, என்ன விஷயம்?” என்று கேட்டார். எதுவும் சொல்லத் தெரியாமல் இணைப்பைத் துண்டித்தேன். அதன் பிறகு அந்த எண் எடுக்கப்படவே இல்லை. அது என் பிழை என்றே இன்றும் கருதுகிறேன்.

பெண்களின் நிலை இதைவிடக் கடினமானது. வெட்டை நோயோ கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றோ இருந்தால் கணவருக்கும் சிகிச்சை தர வேண்டும். இல்லையென்றால் குணமான பிறகும் அது மறுபடியும் தொற்றிக்கொள்ளும். “அடுத்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்று சொல்வது எங்களுக்கு எளிது. ஆனால் இவை பலரிடம் அறிகுறியே காட்டாத நோய்கள் என்பதால், “எனக்கு ஒண்ணுமில்லையே, உனக்கு எங்கிருந்து வந்தது?” என்ற கேள்வியை அந்தப் பெண் வீட்டில் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு பெண், கணவரைச் சிகிச்சைக்கு அழைப்பதற்காக நான் கொடுத்த அட்டையை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தார். வெளியே பெஞ்சில் மாமியார் உட்கார்ந்திருந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சென்றார். அவரும் மறுபடி வரவில்லை. கணவரைக் கூட்டிவராமல் வந்தால் திட்டு விழும் என்று பயந்திருப்பாரோ என்று பிற்பாடுதான் தோன்றியது. தனியாக வந்தாலும் சிகிச்சை உண்டு என்பதை இப்போது முதல் நாளே, அட்டையைக் கொடுப்பதற்கு முன்பாகவே சொல்லிவிடுகிறேன்.

வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்களாக இருப்பதையும், பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதையும் தனியே விளக்க வேண்டியதில்லை.

இப்போதெல்லாம் எண்ணை எழுதிக்கொள்ளும்போதே, “நான் கூப்பிட்டா யார் எடுப்பாங்க? அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?” என்று கேட்டுவிடுகிறேன். சென்ற மாதம் வந்த இன்னொரு ஓட்டுநர் சற்று யோசித்து, “லோடு விஷயமாப் பேசணும்னு சொல்லுங்க, நானே திருப்பிக் கூப்பிடுறேன்” என்றார். அவருடைய எண்ணுக்குப் பக்கத்தில் அதையே பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது ஊசிக்கு அவர் வர வேண்டிய நாள் வரும் திங்கட்கிழமை.