வண்டியிலேயே முடிந்துவிடும் செபம்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. அந்தப் பிரிவில் நான் செவிலியர். எலத்தகிரிக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். "உனக்கு இது வேலை இல்லம்மா, ஊழியம்" என்பார்கள் சொந்தக்காரர்கள். மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறேனே, அப்புறம் என்ன ஊழியம்?

அரசாங்க வேலையில் மதம் பேசக் கூடாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. எழுந்து போக முடியாமல் கிடப்பவரிடம் போய் என் சாமியைப் பற்றிப் பேசுவது அநியாயம். அதனால் என் செபமெல்லாம் வேப்பனப்பள்ளி ரோட்டில் மாந்தோப்புகளைத் தாண்டுவதற்குள் வண்டியிலேயே முடிந்துவிடும். டிரைவர் அண்ணன் நடுவில் ஏதாவது கேட்டால் அதுவும் பாதியில் நிற்கும்.

வீட்டுக்குள் வேறு வேலை இருக்கிறது. வாய்ப்புற்று முற்றிக் கன்னத்தைத் துளைத்துவிட்டால் நாற்றம் திண்ணை வரைக்கும் வரும். பேரப்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். சோற்றுத் தட்டைக் கதவோரம் வைத்துத் தள்ளிவிடுகிற வீடும் உண்டு. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவி, காஸ் துணி வைத்துக் கட்டுவோம். சில நாளில் நாற்றம் அடங்கும். புற்று அப்படியேதான் இருக்கும். ஆனால் மருமகள் பக்கத்தில் வந்து உட்காருவாள், பேரன் கட்டிலில் ஏறுவான்.

வலிக்கு மார்பின் மாத்திரை. வலி வந்த பிறகு தருவதில்லை, மணி பார்த்து முன்னாடியே தந்துவிட வேண்டும். இப்படித் தருவதை வற்புறுத்தியவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து டாக்டரானவர், சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்க 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கியவர், ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்துதான் வலி என்றார். அவ்வளவு விசுவாசம் உள்ளவர் கடிகாரத்தை விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

ஒரு கிறிஸ்தவ வீட்டில், வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறார். விசுவாசம் பெரிதுதான், வலி போதகருக்கா வந்தது? மருந்தைப் படைத்ததே ஆண்டவர்தான், புத்தியுள்ளவன் அதை ஒதுக்கமாட்டான் என்று எங்கள் கத்தோலிக்க பைபிளில் சீராக்கின் ஞானம் என்ற புத்தகத்தின் 38ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. என்ன செய்ய, அந்த வீட்டார் புராட்டஸ்டன்ட், அந்தப் புத்தகம் அவர்கள் பைபிளில் கிடையாது. "சுவிசேஷம் எழுதின லூக்கா யாரும்மா? பவுலே அவரை வைத்தியர்னுதானே சொல்றாரு" என்றேன். மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்து வந்தாள். வேலைக்கு நடுவே நான் பைபிளைப் பேசியது அங்கே மட்டும்தான்.

செபிக்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுக்க மாட்டேன். கர்நாடக எல்லையோர ஊர் ஒன்றில் தெலுங்கு பேசும் பாட்டி ஒருத்தர், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "மீ தேவுடிகி செப்பம்மா" என்றார், உங்க சாமிகிட்ட சொல்லும்மா என்று. பிழைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகன் வரும்வரை உயிர் இருக்க வேண்டுமாம். கையைப் பிடித்துக்கொண்டு செபித்தேன். வெளியே வந்ததும் மகனுடைய நம்பரை வாங்கிப் பேசி, விடமாட்டேன் என்ற மேஸ்திரியிடமும் சண்டை போட்டு, அன்றைக்கே பஸ் ஏற வைத்தேன். அவன் வந்து சேர்ந்தான், பாட்டியும் இருந்தார்.

"செபம் கேட்டுருச்சு போல" என்றார் டிரைவர் அண்ணன்.

"மேஸ்திரிக்கும் கேட்டுச்சுண்ணா" என்றேன்.