அப்சிடியன்ல நோட்ஸ், பேப்பர்லெஸ்ல பேப்பர்: ரெண்டையும் கோத்த கதை

வாஷிங் மெஷின் நின்னு போச்சு. சர்வீஸ்காரர் லைன்ல இருந்துகிட்டு வாங்கின தேதி என்ன, சீரியல் நம்பர் என்னன்னு கேக்குறார், நான் காதுல போன இடுக்கிகிட்டு அப்சிடியன்ல (நோட்ஸ் எழுதி வைக்கிற ஆப்) தேடிட்டிருக்கேன். நோட் வந்துச்சு. "மெஷின் வந்தாச்சு, பில் ஸ்கேன் பண்ணி வச்சாச்சு"ன்னு நானே எழுதி வச்சிருக்கேன். எங்க வச்சேன்னு எழுதல. புண்ணியவான்.

அதுவரைக்கும் எல்லாமே அப்சிடியன் வால்ட்டுக்குள்ளதான். வால்ட்டுன்னா பெருசா ஒண்ணுமில்ல, சாதா ஃபோல்டர்தான், உள்ள மார்க்டவுன் டெக்ஸ்ட் ஃபைல்கள், அதனால நோட்ஸ் மட்டும் இருந்த வரைக்கும் பஞ்சு மாதிரி லேசா இருந்துச்சு. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்-ஐ எல்லாம் உள்ள திணிக்க ஆரம்பிச்சதும் போன்ல சிங்க் ஆகவே நேரம் எடுத்துச்சு, அதோட அப்சிடியனோட சொந்த சர்ச் பிடிஎஃப்-க்குள்ள எட்டிப் பாக்காது, ஃபைல் பேர்ல இருந்தாதான் உண்டு. என் ஃபைல் பேரெல்லாம் "ஸ்கேன் 14", "ஸ்கேன் 14 புதுசு" ரகம்.

சரின்னு டாக்குமெண்டுக்கு மட்டும் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ்னு ஸ்கேன் பண்ண பேப்பர சேத்து வச்சு தேடித் தர்ற ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். ஓப்பன் சோர்ஸ், சும்மா கிடந்த பழைய லேப்டாப்ல டாக்கர் (சாஃப்ட்வேர தனி டப்பால போட்டு ஓட்டுற டூல்) வழியா ஓடுது. கன்ஸ்யூம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஃபைல போட்டா எடுத்துக்கும், ஓசிஆர் பண்ணும் (படத்துல இருக்குற எழுத்த படிச்சு டெக்ஸ்ட்டா மாத்தும்), ஒரிஜினல அப்படியே வச்சுகிட்டு தேடக்கூடிய மாதிரி இன்னொரு காப்பியும் எடுத்து வச்சுக்கும், யார் அனுப்பினது, என்ன வகைன்னு டேக் போட்டுக்கலாம்.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சுச்சு. ரெண்டு இடத்துல எதுக்கு ஃபைல் போடணும், வால்ட்டோட அட்டாச்மெண்ட் ஃபோல்டரையே கன்ஸ்யூம் ஃபோல்டரா காட்டிட்டா முடிஞ்சுதுன்னு காட்டிட்டேன். காபி குடிச்சுட்டு வந்து பாத்தா அட்டாச்மெண்ட் ஃபோல்டர் துடைச்சு விட்ட மாதிரி காலி. கன்ஸ்யூம்னு பேர்லயே இருக்கே, உள்ள எடுத்துகிட்டதும் அந்த ஃபோல்டர்ல இருக்குற ஃபைல அது அழிச்சிடும், அதுதான் அதோட வேலையே, டாக்குமெண்டேஷன படிக்காதது என் தப்பு. ஃபைல் எதுவும் தொலையல, எல்லாம் பேப்பர்லெஸ்ஸோட மீடியா ஃபோல்டர்ல பத்திரமா இருந்துச்சு, ஆனா நோட்ஸ்ல இருந்த லிங்க் மொத்தமும் செத்துப் போச்சு. ஒவ்வொண்ணா திறந்து சரி பண்ணேன், ரெண்டு ராத்திரி போச்சு.

சரி பண்ணும்போது இன்னொரு கூத்து. ஃபைல் இருக்குற பாத்-ஐ லிங்க்கா போட்டேன். பேப்பர்லெஸ்ல ஃபைல் பேர் ஃபார்மட்னு ஒரு செட்டிங் உண்டு, வருஷம், அனுப்பினவர், தலைப்புன்னு அழகா ஃபோல்டர் பிரிச்சு வைக்கும், நான் அத ஆன் பண்ணி வச்சிருந்தேன். தலைப்ப மாத்தினா டிஸ்க்ல ஃபைல் பேரும் கூடவே மாறிடும். லிங்க் மறுபடி அவுட். அப்புறம்தான் புத்தி வந்துச்சு: தலைப்ப என்ன மாத்தினாலும் ஒவ்வொரு டாக்குமெண்டுக்கும் இருக்குற ஐடி நம்பர் மாறாது, அந்த நம்பர் வெப் அட்ரஸ்லயே இருக்கு, அத காப்பி பண்ணி நோட்ல ஒட்டினா போதும். இப்ப நோட்ல பிடிஎஃப் கிடையாது, லிங்க் மட்டும்தான். வெளில இருக்கும்போது வீட்டு நெட்வொர்க்குக்கு விபிஎன் போட்டாதான் லிங்க் திறக்கும், அது ஒரு எரிச்சல்தான்.

தமிழ் ஓசிஆர் தனிக் கதை. தமிழ்ல இருந்த பேப்பர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் ஆச்சரியக்குறியுமா குப்பையா வந்துச்சு. உள்ள ஓசிஆர் வேலைய பண்ற டெசராக்ட்டுக்குத் தமிழ் தெரியும், ஆனா நாமதான் சொல்லணும், அதுவும் ரெண்டு இடத்துல. லாங்குவேஜஸ்னு ஒரு செட்டிங், அது மொழிய இன்ஸ்டால் மட்டும் பண்ணும். லாங்குவேஜ்னு இன்னொண்ணு, அதுல இங்கிலீஷையும் தமிழையும் ப்ளஸ் போட்டு சேத்து எழுதினாதான் பயன்படுத்தும். கடைசில ஒரு 'எஸ்' தான் வித்தியாசம். நான் முதல் ஒண்ண மட்டும் மாத்திட்டு ஒரு வாரம் முறைச்சுகிட்டு இருந்தேன். மாத்தினப்புறமும் பழைய டாக்குமெண்ட் தானா சரியாகாது, செலக்ட் பண்ணி ரீப்ராசஸ் குடுக்கணும்.

இப்ப ஓடுற முறை சிம்பிள். பேப்பர் வந்தா போன்ல ஸ்கேன், கன்ஸ்யூம் ஃபோல்டருக்குப் போகும், இன்பாக்ஸ் டேகோட வந்து நிக்கும். ஞாயித்துக்கிழமை உக்காந்து தலைப்பும் தேதியும் பாப்பேன், தேதிய சில சமயம் தப்பா எடுக்கும், பில்லுல வாரண்டி முடியற தேதிய எடுத்துடும். பேப்பரையே வச்சிருக்க வேண்டிய சமாச்சாரம்னா பேப்பர்லெஸ்ல அதுக்கு இருக்குற ஆர்க்கைவ் சீரியல் நம்பர பென்சில்ல பேப்பர் மூலைல எழுதி அதே வரிசைல ஃபைல்ல சொருகிடுவேன். எல்லா பேப்பருக்கும் நோட் எழுதறதில்ல, ஏதாச்சும் முடிவோ, சண்டையோ, ஞாபகம் வச்சுக்க வேண்டியதோ இருந்தா மட்டும்தான். வாஷிங் மெஷின் நோட்ல இப்ப சீரியல் நம்பர், எந்த பார்ட் மாத்துனாங்க, கீழ பில்லோட லிங்க். (பில்லு கடைசில மேனுவல் புக்குக்குள்ளயே இருந்துச்சு. ஸ்கேன் பண்ணவே இல்ல.)

கையெழுத்துதான் இன்னும் ஒத்து வரல, அத ஓசிஆர் பண்ணா வர்றது என்ன பாஷைன்னே தெரியாது. அதனால அந்த மாதிரி பேப்பர பேப்பர்லெஸ்ல போட்டுட்டு, உள்ள என்ன இருக்குன்னு நாலு வரி அப்சிடியன்ல நானே டைப் பண்ணிடறேன்.