கோடை நாட்குறிப்பு: மயாமியின் பழைய மாணவர்கள்

ஜூலை 9, 2024

2001ஆம் ஆண்டு மயாமிப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய அணியிலிருந்து 38 பேர் என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வில், தேர்வானார்கள். அவர்களில் 17 பேர் முதற்சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். இந்த ஊரில் ஃபுட்பால் பார்க்கும் எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த இரண்டு எண்களைச் சொல்வார்கள். அந்த அணி அந்தப் பருவத்தில் 512 புள்ளிகள் எடுத்து 117 மட்டுமே கொடுத்தது என்பதையும், பட்டத்துக்கான ரோஸ் பௌல் ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 37-14 என்று வென்றது என்பதையும் கேட்காமலேயே சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் டிராஃப்டில் ஒருவன் எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பது அவன்மீது பிறர் வைத்த நம்பிக்கையின் அளவு மட்டுமே. அதற்குப் பிறகு அவன் என்ன ஆடினான் என்பதை வைத்துத்தான் இவர்களை ஒப்பிட வேண்டும் என்று முழங்காலில் அடிபட்டுக் கிடக்கும் என் மகன், சின்னவன், படுத்தபடியே அறிவித்திருக்கிறான். யார் சிறந்தவர் என்று பட்டியல் போட எடுத்த தாளின் தலைப்பில் அவன், தடுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டியான எட் ரீடின் பெயரை எழுதினான். நான் ஃபிராங்க் கோரின் பெயரை எழுதினேன். அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்தே வெகுநாள் ஆகியிருந்தது.

ஜூலை 10

வீக்கம் குறையவில்லை. ஐஸ் பையை மாற்றும்போதெல்லாம் ரீடின் 64 இன்டர்செப்ஷன்களை, அதாவது எதிரணி எறிந்த பந்தை அவர் பறித்த கணக்கை, எனக்கு நினைவூட்டுகிறான்.

ஜூலை 12

இன்று பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டோம்.

2001இல் அந்த அணியின் முதல் ஓட்டக்காரர் கிளின்டன் போர்டிஸ். அவருக்குப் பின்னால் கோரும் வில்லிஸ் மெகேஹியும் காத்திருந்தார்கள். கோர் அப்போது முதலாண்டு மாணவர். பந்தை 62 முறை மட்டுமே ஏந்தி 562 யார்டு ஓடினார். அதாவது ஒரு ஓட்டத்துக்கு 9 யார்டுக்கும் மேல். போர்டிஸ் டிராஃப்டுக்குப் போனதும் அந்த இடம் கோருக்குத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, 2002 வசந்தகாலப் பயிற்சியில் அவருடைய வலது முழங்காலில் ஏசிஎல் தசைநார் அறுந்தது. அவர் வெளியில் உட்கார்ந்திருந்த அந்தப் பருவத்தில் மெகேஹி 1,753 யார்டு ஓடி 28 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது) எடுத்தார். அதே பருவத்தின் கடைசி ஆட்டத்தில், 2003 ஜனவரி 3 அன்று, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியஸ்டா பௌலின் நான்காம் பகுதியில், மெகேஹியின் முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அடுத்த பருவத்தில் கோர் திரும்பி வந்தார். இம்முறை அறுந்தது இடது முழங்கால்.

மெகேஹியை அந்த நிலையிலும் பஃபலோ முதற்சுற்றில் 23ஆவதாக எடுத்தது. ஓராண்டு ஆடாமல் இருந்துவிட்டு வந்து மொத்தம் 8,474 யார்டு ஓடினார். இரண்டு முழங்காலும் போனவர் என்பதால் கோரை மூன்றாம் சுற்று வரை, 65ஆவது இடம் வரை, ஒருவரும் தொடவில்லை. அவர் 16 பருவங்கள் ஆடினார். ஓய்வு பெறும்போது அவர் ஓடியிருந்த மொத்தத் தொலைவு மிகச் சரியாக 16,000 யார்டு. லீகின் வரலாற்றில் எம்மிட் ஸ்மித், வால்டர் பேட்டன் ஆகிய இருவரைத் தவிர வேறெவரும் அவருக்கு மேல் இல்லை.

மெகேஹி விழுந்த காட்சியைச் சின்னவன் பார்க்க வேண்டாம் என்று நினைத்து, கணினியில் அந்த இடத்தைத் தாண்டி ஓட்டினேன். அவன் அதை முன்பே பலமுறை பார்த்திருக்கிறான்.

ஜூலை 15

குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னார் பிசியோதெரபி செய்ய வந்தவர். எவ்வளவு முயன்றும் தொடைத்தசை அவன் சொன்னதைக் கேட்கவில்லை. முழங்காலுக்குச் சற்று மேலே நான் விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு தோலுக்கடியில் ஏதோ ஒன்று இழுத்து விட்டது. அவன் நெற்றி முழுவதும் வியர்வை.

மாலையில் போர்டிஸ்தான் கோரைவிடச் சிறந்தவர் என்று வாதாடினான். அவனிடம் கணக்கு இருக்கிறது. போர்டிஸ் 113 ஆட்டங்களில் 9,923 யார்டு ஓடினார், ஆட்டத்துக்கு 87.8. கோர் 241 ஆட்டங்கள் ஆடினார், ஆட்டத்துக்கு 66.4 மட்டுமே. டென்வருக்காக ஆடிய முதல் இரண்டு பருவங்களிலும் போர்டிஸ் 1,500 யார்டைத் தாண்டினார். அவரைக் கொடுத்துத்தான் வாஷிங்டனிடமிருந்து சாம்ப் பெய்லியை டென்வர் பெற்றது. சராசரியை வைத்துப் பார்த்தால் பையன் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் சராசரிக்கு ஆடிய ஆட்டங்கள் மட்டுமே தெரியும். உடம்பு இடம் கொடுக்காமல் ஆட முடியாமற்போன ஆட்டங்களை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்தத் தொழிலில் ஒருவர் சராசரியாக மூன்றாண்டுச் சொச்சம்தான் நிலைக்கிறார் என்று வீரர்களின் சங்கமே சொல்லிவரும்போது, ஓட்டக்காரன் ஒருவன் 16 பருவம் களத்தில் நின்றதை வெறும் பொறுமை என்று ஒதுக்கிவிட முடியுமா? அதுவும் ஒரு திறமைதான், சொல்லப்போனால் எல்லாத் திறமைக்கும் முந்தைய திறமை அதுதான் என்பது என் கட்சி.

எட்ஜரின் ஜேம்ஸ் அந்த அணிக்குச் சில ஆண்டுகள் மூத்தவர் என்றாலும் இதே பல்கலைக்கழகத்தவர். 1999, 2000 இரண்டு பருவங்களிலும் லீகிலேயே அதிக யார்டு ஓடிவிட்டு, 2001இல் ஏசிஎல் அறுந்து, திரும்பி வந்து 12,246இல் முடித்தார். நான்கு பேரையும் கூட்டினால் 46,643. வேறெந்தக் கல்லூரிக்காரனும் இந்தப் பக்கம் தலைகாட்டட்டும் பார்க்கலாம்.

ஜூலை 17

ஜிம் ஓட்டோ கடந்த மே மாதம் காலமானார். அப்போது எங்கள் வீட்டில் வேறு கவலைகள் இருந்ததால் செய்தியைப் படித்துவிட்டுக் கடந்துவிட்டேன். இன்று அதுவே மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1950களின் இறுதியில் மயாமிக்கு ஆடியவர். 1960 முதல் 1974 வரை ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் தாக்குதல் வரிசைக்கு நடுவில் நிற்கும் சென்டராக, 1961 முதல் 00 என்ற எண்ணைச் சட்டையில் தாங்கி, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் 210 ஆட்டங்கள் ஆடினார். 1980இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்க்கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதற்காக அவர் கொடுத்த விலை, எழுபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். அவற்றில் பல முழங்கால்களில். 2007இல் வலது காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

தவறவிடாத ஆட்டங்களே பெருமை என்று முந்தாநாள்தான் எழுதினேன். அந்த அளவுகோலை அப்படியே பிடித்தால் ஓட்டோவைத்தான் முதலில் வைக்க வேண்டும். வைக்கக் கை வரவில்லை. இதையெல்லாம் பிள்ளையிடம் பேச வேண்டாம் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டாள்.

ஜூலை 18

எண்பது டிகிரிக்கு மேல் மடங்க மறுக்கிறது. இரவு இருவரும் தூங்கவில்லை.

ஜூலை 21

வின்ஸ் வில்ஃபோர்க்கை எங்கே வைப்பது என்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே கழிந்துவிட்டது. 2004 டிராஃப்டின் முதற்சுற்றில் மயாமியிலிருந்து மட்டும் ஆறு பேர் போனார்கள்: ஷான் டெய்லர், கெல்லன் வின்ஸ்லோ, ஜோனதன் வில்மா, டி.ஜே. வில்லியம்ஸ், வெர்னன் கேரி, வில்ஃபோர்க். அந்த ஆறு பேரில் கடைசியாக, 21ஆவதாக எடுக்கப்பட்டவர் வில்ஃபோர்க். அறுவரிலும் நீண்ட காலம் நிலைத்தவர் அவர்தான். 13 பருவங்கள், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் இரண்டு வெற்றிகள். ஆனால் எதிரணியில் பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்கை அவர் வீழ்த்திய எண்ணிக்கையைப் பார்த்தால் வாழ்நாள் முழுவதற்கும் 16 மட்டுமே. நடுவில் நின்று இரண்டு தடுப்பாளர்களைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவன் பேர் வாங்க வழி விடுவதுதான் அவருடைய வேலை. அதற்கு எந்தப் பட்டியலிலும் பத்தி இல்லை.

எல்லா இடத்து ஆட்டக்காரர்களையும் ஒரே எண்ணில் அளக்கத் ‘தோராய மதிப்பு’ என்று ஒரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. அணி மொத்தமாகச் சாதித்ததை எடுத்து, ஆடியவர்களுக்குப் பங்கு பிரித்து, கௌரவ அணிகளில் இடம் பெற்றவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் முறை அது. பெயரிலேயே தோராயம் என்று ஒப்புக்கொள்வதால் அதன்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் மாட்டிக்கொண்ட நல்ல தடுப்பாளனுக்கு அதில் நியாயம் கிடைப்பதில்லை.

ஜூலை 24

ரெஜி வெய்ன்: 1,070 கேட்ச், 14,345 யார்டு, 82 டச்டவுன்.
ஆண்ட்ரே ஜான்சன்: 1,062 கேட்ச், 14,185 யார்டு, 70 டச்டவுன்.

இருவரும் மயாமி, இருவரும் எறியப்படும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள். மூன்று எண்களிலும் வெய்ன் முன்னால் நிற்கிறார்; சூப்பர் பௌல் வென்றவருக்கான மோதிரமும் அவரிடம் இருக்கிறது. ஆனால் வருகிற மாதம் கான்டன் நகரில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழையப் போகிறவர் ஜான்சன். வெய்ன் பலமுறை இறுதிப் பட்டியல் வரை வந்தும் வெளியில்தான் நிற்கிறார். வெய்னுக்குப் பந்தை எறிந்தவர் பத்துப் பருவங்கள் பேட்டன் மேனிங். ஜான்சனுக்கு எறிந்தவர்களின் பெயரைச் சொன்னால் ஹூஸ்டன்காரர்களே பெருமூச்சு விடுவார்கள். 2008, 2009 இரண்டு பருவங்களிலும் லீகில் வேறெந்த ரிசீவரும் ஜான்சன் அளவுக்கு யார்டு எடுக்கவில்லை. அதனால் தேர்வுக்குழுவின் முடிவு எனக்குப் புரிகிறது. ஆனாலும் மேனிங்கோடு ஆடியதை வெய்னின் குற்றமாக எழுதுவது அநியாயம். மேனிங் போன பிறகு 2012இல், ஆண்ட்ரூ லக் என்ற முதல் பருவத்துக் குவார்ட்டர்பேக்கோடு அவர் 1,355 யார்டு எடுத்ததை எவரும் பேசக் காணோம். மறு பருவத்தில் அவருக்கும் ஏசிஎல். சின்னவனிடம் இதைச் சொன்னபோது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெய்ன் திரும்பி ஆடினாரா என்று மட்டும் கேட்டான். ஆடினார்.

ஜூலை 26

ஷான் டெய்லரை எந்த முறைப்படி கணக்கிடுவது? 55 ஆட்டங்கள், 12 இன்டர்செப்ஷன்கள், அவ்வளவுதான். 2007 நவம்பரில் மயாமிப் புறநகரில் இருந்த தம் வீட்டுக்குள் புகுந்தவர்களால் சுடப்பட்டு, 27ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 24. அடுத்த ஆட்டத்தின் முதல் தடுப்பாட்டத்துக்கு வாஷிங்டன் அணி பத்துப் பேரை மட்டுமே இறக்கியது. அவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நீடித்து நின்றவனே பெரியவன் என்ற என் கட்சியைச் சின்னவன் இங்கேதான் உடைக்கிறான்: ரீடுக்கு இணையான சேஃப்டியை இந்தக் கல்லூரி பெற்றிருக்குமானால் அது டெய்லர்தான் என்கிறான். மறுக்கவில்லை. அவரைப் பட்டியலில் சேர்க்காமல், தாளின் ஓரத்தில் 21 என்று அவருடைய எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

ஜூலை 27

தொண்ணூறு டிகிரி!

ஜூலை 29

வீடே கலகலப்பாக இருப்பதால் குவார்ட்டர்பேக்குகளை எடுத்துக்கொண்டோம். மயாமிக்காரர்கள் சிரித்துக்கொண்டே பேச வேண்டிய பகுதி இது. கென் டார்சி தொடக்க ஆட்டக்காரராகக் கல்லூரியில் 38 வென்று 2 மட்டுமே தோற்றவர். ஏழாம் சுற்றில் 241ஆவதாக எடுக்கப்பட்டு, என்எஃப்எல்லில் தொடங்கிய 13 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றார். 1992இல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஜினோ டொரெட்டாவும் ஏழாம் சுற்றுதான். 1986இல் அதே விருதை வாங்கிய வின்னி டெஸ்டவெர்டேயோ முதல் ஆளாக எடுக்கப்பட்டு, பழிக்கப்பட்டு, 21 பருவங்கள் ஆடி 46,233 யார்டு எறிந்தார். சுற்றிலும் 17 முதற்சுற்று ஆட்டக்காரர்கள் நின்றால் யார் எறிந்தாலும் பந்து போய்ச் சேரும் என்று டார்சியைக் கேலி செய்வதுண்டு. அந்த 17 பேரையும் ஒழுங்காக நிறுத்தி வைத்தவர் அவர்தானே என்று கேட்க எவருமில்லை.

ஆகஸ்ட் 1

கான்டனில் ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டம். ஜான்சனின் ஹூஸ்டனும் டெவின் ஹெஸ்டரின் சிகாகோவும். மூன்றாம் பகுதியில் மின்னலும் மழையும் வந்து, 21-17 என்று சிகாகோ முன்னிலையில் இருந்தபோது அப்படியே முடித்துவிட்டார்கள். சின்னவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடி பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3

ஜான்சன், ஹெஸ்டர் இருவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார்கள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதை முதன்மைத் தொழிலாகக் கொண்டு அங்கே நுழைந்த முதல் ஆள் ஹெஸ்டர். அவர் 2001 அணியைச் சேர்ந்தவர் அல்லர், பின்னால் வந்தவர். மயாமியில் அவரைத் தாக்குதலில் ஆடவிடுவதா, தடுப்பில் ஆடவிடுவதா என்று கடைசி வரை தீர்மானிக்க முடியவில்லை. 2007 பிப்ரவரியில் எங்கள் மயாமியில், கொட்டும் மழையில் நடந்த சூப்பர் பௌலின் முதல் உதையையே பிடித்து 92 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். அதே ஆட்டத்தில் எதிரணிக்காக 53 யார்டு டச்டவுன் எடுத்தவர் வெய்ன். வென்றது வெய்னின் அணி; மேடை ஏறியது ஹெஸ்டர். பிளேஆஃப் ஆட்டங்களைச் சேர்க்காமலேயே 20 முறை பந்தைத் திருப்பி ஓடி டச்டவுன் எடுத்தவரை உள்ளே விட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் வெய்ன் தேர்வுச் செய்திக்காக இன்னும் எத்தனை பிப்ரவரிகள் தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

ஆகஸ்ட் 4

மழை. படியிறங்கப் பழக்க வேண்டிய நாள் தள்ளிப்போயிற்று.

ஆகஸ்ட் 5

கோரா, ரீடா என்பது இன்னும் தீரவில்லை. அவர்கள் இருவரும் எதிரெதிரே நின்ற சூப்பர் பௌலை எடுத்துப் போட்டுக்கொண்டோம்: 2013 பிப்ரவரி 3, நியூ ஆர்லியன்ஸ். பால்டிமோர் பக்கம் ரீட், ரே லூயிஸ், பிரையன்ட் மெக்கின்னி என்று மூன்று மயாமிக்காரர்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் கோர். ரீட் ஒரு பந்தைப் பறித்தார். கோர் 110 யார்டு ஓடினார். 34-31 என்று பால்டிமோர் வென்றது. ரீடுக்கு மோதிரம் கிடைத்தது, கோருக்கு அவருடைய 16 பருவங்களிலும் கிடைக்கவே இல்லை. ஆனால் கடைசி நிமிடங்களில் 33 யார்டு ஓடி எதிரணியின் 7 யார்டுக் கோடு வரை பந்தைக் கொண்டு வந்து வைத்தவர் கோர். அதன் பிறகு கிடைத்த நான்கு வாய்ப்புகளில் ஒன்றில்கூட அவர் கையில் பந்தைக் கொடுக்கவில்லை. ஒரு முறை வேறொருவர் ஓடினார், மூன்று முறை எறிந்து வீணாக்கினார்கள். அந்தத் தோல்வியை எப்படிக் கோரின் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். கொடுத்திருந்தால் மட்டும் ரீடையும் லூயிஸையும் தாண்டி உள்ளே போயிருப்பாரா என்று திருப்பிக் கேட்டான். போயிருப்பார் என்றேன். அந்த 7 யார்டை இன்னொரு முறை ஓட்டச் சொன்னான்.